குப்பம்மா என்ற பெயர்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஜூலை, ஞாயிறு

அன்புள்ள ராஜம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு ஒரு மனக்குறையையும் எழுதியிருந்தாயே, முதலில் அதற்குப் பதில். குழந்தைக்கு இரண்டாவது பெயராக உன் பாட்டி, குப்பம்மா ஆயாவின் பெயரை வைக்க ஆசைப்பட்ட உன் மகள், ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு "குப்பம்மா என்றால் குப்பையாம்மா?" என்று அழுதாளாம்.

குப்பைதான், ராஜம். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்தவள் எந்த நிலையில் வைத்தாள் என்பதையும் மகளிடம் சொல். முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போன வீட்டில், அடுத்த குழந்தை பிறந்ததும் அதைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். 'இது நாங்கள் பெற்றது இல்லை, குப்பையில் கிடந்தது' என்று சொன்னால் எமன் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை. குப்பாயி, பிச்சையம்மா எல்லாம் அப்படிப் பிறந்த பெயர்கள். மூக்கு குத்திவிட்டு மூக்காயி என்பதும் அதே வழக்கம்தான். எங்கள் பெரியம்மா ஒருத்திக்கு அந்தப் பெயர். அவளுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் போய்விட்டன என்று அம்மா சொல்வாள். இந்த ஒன்றாவது தங்கவேண்டுமே என்று பயந்து பயந்து வைத்த பெயரை விடப் பாசமான பெயர் எது?

பெயர்ப் புத்தகங்களில் அழகு, ஒளி, செல்வம் என்றுதான் பொருள் போட்டிருப்பார்கள். ஏன் வைத்தார்கள் என்பது அதில் இருக்காது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பெயர்ப்பொருள் சொல்லிக்கொடுத்த நானும் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், உன் ஆயா வந்த கப்பலின் பட்டியலில் அவள் பெயர் 'கூப்பமா' என்று இருப்பதாக எழுதியிருந்தாய். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள், பெயரோடு ஒரு எண்ணையும் போட்டார்கள். லட்சுமி 'லட்ச்மீ' ஆனது அப்படித்தான். இன்றும் நம் பிள்ளைகளின் அடையாள அட்டையில் அந்த எழுத்துதான். எழுத்து தப்பினால் தப்பட்டும், சொல்லும்போதாவது சரியாகச் சொல்வோம்.

முதல் பெயருக்கு வருகிறேன். ரோகிணி நட்சத்திரம், ஐயர் ஓ, வ, வி, வு என்று எழுத்து கொடுத்தார் என்றாய். 'வ' இருக்கும்போது ஏன் தேடவேண்டும்? வள்ளி என்று வை. வள்ளி என்றால் கொடி. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தையைக் குறவர்கள் எடுத்து வளர்த்தார்கள், முருகன் தேடி வந்து மணந்தான். மண்ணிலிருந்து எடுத்த பிள்ளை அவள், குப்பையிலிருந்து எடுத்த பிள்ளை உன் ஆயா. இரண்டு பெயரும் ஒரு குழந்தைக்குச் சேர்ந்தால் எவ்வளவு பொருத்தம்!

நம் மண்ணிலேயே ஒரு வள்ளி இருந்தாளே. தில்லையாடி வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். தில்லையாடி அவள் அம்மாவின் ஊர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் போட்ட மூன்று பவுன் வரியையும், நம் கல்யாணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்து 1913இல் நடந்த சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்தவள், 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் இறந்தாள். ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைனில்தான் அவளை அடக்கம் செய்தார்கள். உன் மகளுக்கு இதையும் சொல்.

இங்கே குளிர் அதிகம். கோயிலில் ஆடிக் கூழுக்கு வேலை தொடங்கிவிட்டது, என் முழங்காலும் எப்படியோ ஒத்துழைக்கிறது. கூழ் ஊற்றி முடிந்ததும் மாரிட்ஸ்பர்க் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன்.

ஒன்று செய். அந்தப் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, கிராமம் எல்லாம் போட்டு, உடம்பில் உள்ள அடையாளத்தையும் எழுதியிருப்பார்கள். உன் ஆயா அப்போது எட்டு வயதுப் பிள்ளை என்றாய். அவளுக்குப் பக்கத்தில் வேறு பிள்ளைகள் பெயர் இருக்கிறதா, அவள் மட்டும்தானா என்று பார்த்து வை.

அன்புடன்,
உன் கமலா