பேஸ்ட் பொத்தானை யாரும் அழுத்துவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகமலை புதுக்கோட்டையில் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங், அதோடு 'எஸ்பிஎஸ்எஸ் அனாலிசிஸ் செய்து தரப்படும்' என்றும் போர்டு மாட்டி வைத்துக் கடை நடத்துகிறவன் நான். எஸ்பிஎஸ்எஸ் என்பது ஆய்வுத் தரவுகளை அலசி அட்டவணை எடுத்துத் தருகிற புள்ளியியல் மென்பொருள். ஆய்வேடுகளின் தரம் கெட்டுப்போச்சு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் தலையும் சேர்ந்து உருளும். உருளட்டும், பாதி நியாயம்தான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்காக வீட்டில் உட்கார்ந்து மல்லிகை கட்டித் தருகிற பெண்களைப் பற்றிய ஆய்வு. எத்தனை வருஷமாக இந்த வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று போடச் சொல்லியிருந்தார், அது எல்லோரும் செய்வதுதான். முதலில் 150 படிவம். 99 என்பது எண் இல்லை, பதில் இல்லாததன் அடையாளம் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டுத்தான் அட்டவணை எடுத்தேன், எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் அவருடைய கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, 150 போதாது, 200 ஆக்கு என்றார். புது ஃபைல் போட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, மவுஸைப் பிடித்துக்கொண்டு முதலில் இருந்து ஒவ்வொன்றாக கிளிக் செய்தேன். அந்த 99 சமாச்சாரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பதில் சொன்ன 182 பேரின் சராசரி அனுபவம் 14 வருஷம். மீதி 18 பேர் ஆளுக்கு 99 வருஷமாகப் பூக்கட்டுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதில் சராசரி 21.65 என்று வந்து நின்றது. அதையே ஆய்வேட்டில் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கி எழுதியும் விட்டார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டாராம்: "சராசரி வயது 34 என்று போட்டிருக்கிறாய், அனுபவம் 21.65 என்றால் 12 வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டார்களா? குழந்தைத் தொழிலாளர் பற்றி ஒரு வரிகூட இல்லையே அம்மா?" அந்தப் பெண் அன்று சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்ற முகம் இன்னும் மறக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய கஷ்டம் அதற்கு அப்புறம்தான். எந்த அட்டவணையை எப்படி எடுத்தோம், வருமானத்தை எந்த எல்லைகளில் பிரித்தோம், யார் யாரை விட்டுவிட்டோம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து மறுபடி எடுத்தோம். இரண்டு அட்டவணை கடைசி வரைக்கும் பழையபடி வரவே இல்லை. நடுவில் யாரோ கட்டத்துக்குள் நேரடியாக எண்ணை மாற்றியிருக்க வேண்டும், அப்படி மாற்றினால் அது எங்கேயும் பதிவாகாது.

இத்தனைக்கும் தீர்வு அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் 'ஓகே' பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'பேஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஓகேக்குப் பதில் அதை அழுத்தினால் நீங்கள் கிளிக் செய்ததெல்லாம் கட்டளை வரிகளாகச் 'சின்டாக்ஸ் எடிட்டர்' என்ற ஜன்னலில் வந்து உட்காரும். தேவையான வரிகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஆர் அழுத்தினால் ஓடும். சேமித்து வைத்தால் முடிந்தது. இருநூறு படிவம் ஆனாலும், நானூறு ஆனாலும், மேலே ஃபைல் பெயரை மட்டும் மாற்றி ஒரே ஓட்டமாக ஓட்டலாம். 99 பற்றிய அந்த ஒற்றை வரியையும் அதிலேயே எழுதி வைத்துவிட்டால் மறக்க வழியில்லை.

இது புதிய வசதி என்று நினைத்துவிட வேண்டாம். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இந்த மென்பொருள் பிறந்தபோது கட்டளை எழுதுவது ஒன்றுதான் வழி, அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்த காலம். மெனுவும் மவுஸும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. 2009இல் ஐபிஎம் வாங்கிய பிறகும் உள்ளே அதே கட்டளை மொழிதான் ஓடுகிறது.

பழகும்போது கொஞ்சம் எரிச்சல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டளையும் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும். ஒரு புள்ளியை விட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று ஒரு மணி நேரம் முழித்திருக்கிறேன். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அது குறிப்பு, அதில் 'இந்தக் கேள்வி எதிர்மறையாகக் கேட்டது, திருப்ப வேண்டும்' என்று நமக்கு நாமே எழுதி வைக்கலாம், அதற்கும் கடைசியில் புள்ளி வேண்டும்.

இந்தத் திருப்புகிற வேலையில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து புள்ளி அளவுகோலில் எதிர்மறைக் கேள்விக்கு ஒன்றை ஐந்தாக, இரண்டை நான்காக 'ரீகோட்' செய்வோம். அதே பத்தியிலேயே, அதாவது அந்தக் கேள்விக்கான நெடுவரிசையிலேயே, மாற்றிவிட்டு, செய்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது தடவை கிளிக் செய்தால் எல்லாம் பழையபடி திரும்பிப் போய்விடும்! கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டுகிற ஆல்ஃபா ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு வந்த பிள்ளைகள் சிலருக்கு நோய் இதுதான். அதனால் பழைய பத்தியைத் தொடாமல் புதுப் பெயரில் ஒரு பத்தி உண்டாக்கச் சொல்வேன், சின்டாக்ஸின் முதல் வரியும் கை படாத மூல ஃபைலைத் திறப்பதாகவே இருக்க வேண்டும். ஒரு பிரிவினரை மட்டும் தேர்ந்தெடுக்கிற 'செலக்ட் இஃப்' கட்டளை அதைவிட மோசம். முன்னால் 'டெம்பொரரி' என்று ஒரு வரி போடாமல் ஓட்டிவிட்டு ஃபைலைச் சேமித்தால் மீதிப் பேர் போனது போனதுதான்.

காசு இல்லை, திருட்டு சிடிதான் கிடைக்கிறது என்கிறவர்களுக்கு 'பிஎஸ்பிபி' என்று இலவச மென்பொருளே இருக்கிறது. எல்லா வசதியும் இல்லை, ஆனால் நம் பிள்ளைகள் போடுகிற சராசரி, குறுக்கு அட்டவணை, சராசரிகளை ஒப்பிடுகிற டி-டெஸ்ட்டுக்குத் தாராளமாகப் போதும். ஏறக்குறைய இதே கட்டளைகளைத்தான் அதுவும் படிக்கிறது.

நான் பார்த்தவரையில் வகுப்பில் மெனுவைக் காட்டிக் கொடுக்கிறார்கள், 'ஓகே' அழுத்தச் சொல்கிறார்கள், அத்தோடு சரி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற ஷோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேட்டை ஏற்றுகிற நேரத்தில் கூடவே இந்தச் சின்டாக்ஸ் ஃபைலையும் கொடு என்று ஒரு கைடு கேட்டாலே போதும், அது ரொம்பச் சின்ன ஃபைல்தான். வைவாவில் தேர்வாளர் "அந்த அட்டவணையை ஓட்டிக் காட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்களைப் போன்ற கடைக்காரர்களும் ஒழுங்காகிவிடுவோம். கேட்காதவரை நாங்கள் எதற்கு மெனக்கெடப் போகிறோம்?

இப்போது என் கடையில் பிரிண்ட் அவுட்டோடு சின்டாக்ஸ் ஃபைலையும் சேர்த்துத்தான் தருகிறேன், தனிக் காசு கிடையாது. போன வாரம் ஒரு தம்பி, "அண்ணே, அது வேண்டாம், அழிச்சிருங்க, அதைக் காட்டினா கைடு கேள்வி கேப்பாரு" என்றான். நான் அழிக்கவில்லை, பென்டிரைவில் போட்டே அனுப்பி வைத்தேன்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர் ஒருவர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.