என் கட்டைவிரலைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

என் வலது கை கட்டைவிரலில் இப்போது நகம் இல்லை, இனி முளைக்கவும் முளைக்காது. ஆனால் விரல் இருக்கிறது, முழு நீளத்துக்கு இருக்கிறது. இந்த மடலை அந்த விரலால் பேனா பிடித்துத்தான் முதலில் எழுதினேன்.

முதல் நன்றி என் பக்கத்து மேசை அக்காவுக்கு. நகத்தின் நெடுக ஓடிய கருங்கோட்டை ரத்தக்கட்டு என்று நம்பியிருந்தேன். கதவில் விரல் நசுங்கிய ஞாபகம் வேறு இருந்தது. அதற்கு முன் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது பூஞ்சை என்று சொல்லி மருந்து கொடுத்தார், மாதக்கணக்கில் தடவினேன். அக்காதான் ஒருநாள் கையைப் பிடித்துப் பார்த்து, "ரத்தக்கட்டுன்னா நகம் வளர வளர முன்னால நகர்ந்து போயிருக்கணுமே, இது வேர்லேர்ந்து நுனி வரைக்கும் அப்படியே நிக்குதே" என்றார். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஆறு மாதத்தில் போயிருக்க வேண்டிய கறை ஒரு வருடமாக நின்றிருக்கிறது, எனக்கு உறைக்கவே இல்லை. அன்றே தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கித் தந்தவரும் அவர்தான்.

டாக்டரம்மா, நீங்கள் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நகத்தைத் தாண்டித் தோலிலும் நிறம் பரவியிருப்பதைக் காட்டினீர்கள். ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1886லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றீர்கள். பயந்துபோய் உட்கார்ந்திருந்தவனிடம் அவசரமில்லாமல் பேசினீர்கள். கோடு நகத்தில் தெரிந்தாலும் அது பிறக்கும் இடம் நகத்தின் அடிவேர், அதனால் நகத்துண்டை வெட்டி அனுப்பினால் போதாது, வேரிலிருந்தே சதை எடுக்க வேண்டும் என்று விளக்கினீர்கள். பயாப்சிக்கு நான் சம்மதித்தது அந்த விளக்கத்தால்தான்.

முடிவு வந்தது: மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். நல்லவேளையாக, தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை.

அறுவை சிகிச்சை மருத்துவர் ஐயா, உங்களிடம் வரும்போதே விரல் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். முன்பெல்லாம் பெரும்பாலும் விரலை வெட்டிவிடுவார்கள் என்பதை நீங்கள் மறைக்கவில்லை. ஆழமாக இறங்கியிருந்தால் இன்றும் அப்படிச் செய்ய வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னீர்கள். பிறகு என் விரலிலேயே பேனாவால் வரைந்து காட்டினீர்கள்: நகம், அதன் வேர், அடிப்படுக்கை, சுற்றியுள்ள தோலில் சில மில்லிமீட்டர், எல்லாவற்றையும் எலும்பின் மேல்மட்டம் வரை ஒன்றாக எடுப்பது, எலும்பை விட்டுவிடுவது. விரலை மட்டும் மரத்துப்போகச் செய்ததால் நான் விழித்தேதான் இருந்தேன். நடுவில் இரண்டு முறை "சரியா இருக்கீங்களா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இனி நான் முகமே பார்த்திராத ஒருவருக்கு. எடுத்த சதையின் ஓரங்களைக் கண்ணாடித் தகடுகளில் வைத்துப் பார்த்த நோயியல் மருத்துவரே, முதல் அறிக்கையில் ஒரு பக்கத்து ஓரத்தில் இன்னும் கெட்ட செல்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அன்று அழுதேன். ஆனால் அதைக் கண்டுபிடித்ததால்தான் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். நீங்கள் சுத்தம் என்று சொல்லும் வரை காயத்தை மூடாமல், கட்டுப் போட்டுக் காத்திருந்தார்கள். அப்புறம்தான் மேல்கையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இந்தச் சிகிச்சையில் கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். உங்கள் பெயர்கூட எனக்கு அறிக்கையின் கையெழுத்தாகத்தான் தெரியும்.

கட்டுப் பிரித்த செவிலியர் தங்கைக்கும் நன்றி. ஒட்டிய தோல் கறுத்துத் தெரிந்ததும் நான் பதறினேன். "மேல்தோல்தான் உரியும், அடியில பிடிச்சிருக்கு, பாருங்க" என்று ஓரத்தில் இளஞ்சிவப்பைக் காட்டினார். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், பட்டன் போடவும் தரையில் விழுந்த நாணயத்தை எடுக்கவும் வாரக்கணக்கில் பழக்கினார். நாணயம் இன்னும் கொஞ்சம் நழுவுகிறது, பரவாயில்லை.

வீட்டில் என் மனைவி ஆறு வாரம் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள். ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலையும் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது, ஆய்வகத்துக்குள் ஒரு நிமிடம் விடுவார்களா என்று கேட்கப்போகிறேன். அந்த நோயியல் மருத்துவரை நேரில் பார்த்து இந்தக் கையைக் காட்ட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி