5-ஆம் பிரிவு யாருக்குக் கைகொடுத்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ பற்றிய தலையங்கம் கண்டேன். அமெரிக்காவின் செலவில் ஐரோப்பா நிம்மதியாகத் தூங்குகிறது என்று அதில் சொல்லியிருப்பது பாதி உண்மைதான்.

ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்வோம் என்பது 1949 நேட்டோ உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு. இதுவரை ஒரே ஒரு முறைதான் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அதுவும் ஐரோப்பாவுக்காக அல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக! ஜெர்மனியின் கைலன்கிர்ஷன் தளத்திலிருந்து, முதுகில் ரேடார் தட்டு சுழலும் நேட்டோவின் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள் ஏழு அட்லான்டிக்கைத் தாண்டிப் போய், அந்த அக்டோபர் முதல் மறு ஆண்டு மே வரை அமெரிக்க வானத்தைக் காவல் காத்தன. அவற்றில் பணியாற்றியவர்கள் 13 நாட்டினர்.

அடுத்து, அமெரிக்கா தொடங்கிய ஆப்கானிஸ்தான் போர். சுமார் 55 லட்சம் பேரே வாழ்ந்த டென்மார்க், அங்கே 43 வீரர்களைப் பறிகொடுத்தது. பெரும்பாலோர் இறந்தது ஹெல்மண்ட் மாகாணத்தில். அந்த டென்மார்க்கிடம்தான் கிரீன்லாந்தைக் கேட்கிறார் டிரம்ப். 1951 ஒப்பந்தப்படி அங்கே பிட்டுஃபிக்கில் அமெரிக்க ராணுவத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. சாவி கையில் இருக்கும்போது வீட்டுப் பத்திரத்தையும் கேட்டால் எந்த நட்பு தாங்கும்?

ஐரோப்பா மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் (ஜி.டி.பி.) 2 சதவீதத்தை ராணுவத்துக்கு ஒதுக்குவோம் என்று 2014-இல் வேல்ஸ் மாநாட்டில் சொல்லிவிட்டுப் பல நாடுகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. அதே ஆண்டுதான் உக்ரைனின் கிரைமியாவை ரஷ்யா விழுங்கியது. மறு ஆண்டே ஜெர்மன் நிறுவனங்கள் ரஷ்யாவுடன் பால்டிக் கடலடியில் இன்னோர் எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டன. வேண்டாம் என்று அமெரிக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டது; கேட்கவில்லை. உக்ரைன் போர் வந்த பிறகுதான் புத்தி வந்தது. 2035-க்குள் 5 சதவீதம் என்று 2025-இல் ஹேக் மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள் (ஸ்பெயின் மட்டும் முரண்டு பிடித்தது). உக்ரைனுக்காக அமெரிக்க ஆயுதங்களைக் காசு கொடுத்து வாங்கவும் தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்காவுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படுகாயமடைந்த அமெரிக்க வீரர்கள் முதலில் இங்கே வந்து உயிர் பிழைத்த பிறகுதான் ஊர் திரும்பினார்கள். ஐரோப்பாவின் பாக்கியைக் கணக்குப் போடும்போது, இந்த இடத்தையும் வரவில் எழுத வேண்டாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்