பெற்றோருக்கு: ‘அலவ்’ வாக்கியத்தில் காணாமல் போகும் ஆள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மை அதிகம் விழும் இடங்களில் ஒன்று, அனுமதி கொடுப்பதைச் சொல்லும் ‘அலவ்’ என்ற வினைச்சொல். அதன் பொருளைக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள். வாக்கியத்தில் வைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் படிக்காத பெற்றோரும் இதைத் திருத்த உதவ முடியும் என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்க வசதியாக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

அடிக்கடி வரும் பிழை இப்படி இருக்கும்: ‘மை மதர் டிட் நாட் அலவ் டு கோ.’ தமிழில் ‘அம்மா போக அனுமதிக்கவில்லை’ என்றால் ஒரு குறையும் இல்லை. யாரை என்பது பேச்சின் போக்கிலேயே விளங்கிவிடும். ‘உள்ளே அலவ் பண்ண மாட்டாங்க’ என்று நாம் தினமும் சொல்வதிலும் ஆள் கிடையாது. அந்தப் பழக்கத்தோடுதான் பிள்ளை ஆங்கிலம் எழுதுகிறது. ஆங்கிலமோ இந்த இடத்தில் கறார். ‘அலவ்’ என்பதற்கும் ‘டு’ என்பதற்கும் நடுவே ஆள் வந்தே தீர வேண்டும்: ‘மை மதர் டிட் நாட் அலவ் மீ டு கோ.’ மீ, அஸ், ஹிம், ஹெர், தெம் ஆகியவற்றில் ஒன்று வரலாம், அல்லது ஒரு பெயர் வரலாம். ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’ அங்கே வராது.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ‘அலவ்’ என்று காதில் விழுந்ததும் ‘யாரை?’ என்று கேளுங்கள். அடுத்து வருவது அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். பதில் இல்லாமல் நேராக ‘டு’ வந்தால் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனை இரண்டு இடங்களில் பொருந்தாது. சரியாக எழுதிய பிள்ளையைத் திருத்திவிடக் கூடாது அல்லவா, அதனால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, செயப்பாட்டு வினை: ‘வீ ஆர் நாட் அலவ்டு டு ஈட் இன் தி லைப்ரரி.’ இங்கே ‘யாரை’ என்பதற்கான பதில் ‘வீ’ என்று முன்னாலேயே வந்துவிட்டது. ‘அலவ்டு’ என்பதற்கு முன் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் இருந்தால், அதை அடுத்து ‘டு’ வருவது சரியே. இரண்டாவது, ஆளைக் குறிப்பிடாத பொது விதி: ‘தே டோன்ட் அலவ் ஈட்டிங் இன் தி லைப்ரரி.’ ஆள் இல்லையென்றால் ‘டு’வும் இருக்காது. வினையின் கடைசியில் ‘இங்’ ஒட்டிக்கொள்ளும்.

‘லெட்’ என்பதும் இதே பொருளைத்தான் தருகிறது. பேச்சில் ‘அலவ்’ என்பதைவிட இயல்பாக வருவதும் அதுதான். அதற்கும் ஆள் வேண்டும். ஆனால் ‘டு’ கூடாது. ‘லெட் மீ கோ’ சரி, ‘லெட் மீ டு கோ’ தவறு. இறந்தகாலத்திலும் அது ‘லெட்’ தான். ‘லெட்டட்’ என்று ஒரு சொல் கிடையாது. ‘என்னைப் போக விட்டார்கள்’ என்பதைச் செயப்பாட்டில் ‘ஐ வாஸ் லெட் டு கோ’ என்று எழுதுகிறார்கள். அங்கே ‘ஐ வாஸ் அலவ்டு டு கோ’ என்பதுதான் வரும். ‘ஹி வாஸ் லெட் கோ’ என்றால் பெரும்பாலும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிடும்!

நம் ‘விடு’ இன்னொரு வம்பையும் இழுத்துவிடுகிறது. ‘கையை விடு’, ‘போக விடு’, ‘பையை அங்கேயே விட்டுவிடு’ எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் பையை விட்டுவிட்டு வருவது ‘லீவ்’, போக விடுவது ‘லெட்’. ‘லீவ் மீ டு கோ அவுட்சைட்’ என்று எழுதும் பிள்ளை இரண்டையும் கலந்துவிட்டது. லீவ் லெட்டரில் வரும் ‘லீவ்’ வேறு. அது பெயர்ச்சொல், அதன் பழைய பொருளே அனுமதி என்பதுதான். அதனால்தான் ‘கிராண்ட் மீ லீவ்’ என்று கேட்கிறோம்.

‘பெர்மிட்’ என்பது அறிவிப்புப் பலகைக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் உரிய சொல். வாக்கிய அமைப்பு ‘அலவ்’ போலவேதான். ‘பெர்மிட்டட்’ என்று எழுதும்போது டி இரட்டிக்கும். ‘அலவ்டு’ என்பதில் டபிள்யூ இரட்டிக்காது. வினையாகச் சொல்லும்போது ‘மிட்’டில் அழுத்தம், உரிமச் சீட்டு என்ற பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது ‘பெர்’ரில் அழுத்தம். ‘பெர்மிஷன்’ என்பதற்கு முன் ‘எ’ போட வேண்டாம்.

கட்டுரைகளில் மதிப்பெண் குறையும் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவமான ‘குட்’, முன்பு வழக்கமாக இருந்த அனுமதியைச் சொல்லும். ஒரே ஒரு தடவை கிடைத்து, அதன்படி நடந்த அனுமதிக்கு அது பொருந்தாது. ‘நேற்று மட்டும் சீக்கிரம் வீட்டுக்குப் போக விட்டார்கள்’ என்றால் ‘யெஸ்டர்டே ஐ வாஸ் அலவ்டு டு கோ ஹோம் எர்லி’ என்றே எழுத வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை என்று சொல்ல ‘குட் நாட்’ போதும்.

‘மே ஐ’, ‘கேன் ஐ’ பற்றிப் பல பெற்றோர் கேட்கிறார்கள். எழுத்திலும் பெரியவர்களிடமும் ‘மே ஐ’ கூடுதல் மரியாதை. நண்பர்களிடம் ‘கேன் ஐ’ கேட்பதில் தவறு எதுவும் இல்லை. அதற்காகப் பிள்ளையை அதட்ட வேண்டாம்.

வினாத்தாளில் ‘அலவ் 20 மினிட்ஸ் ஃபார் தி எஸ்ஸே’ என்று வந்தால் அங்கே அனுமதிப் பேச்சே இல்லை. கட்டுரைக்கு 20 நிமிடம் ஒதுக்கு என்று பொருள். புகழ்தல், ஒதுக்கித் தருதல் என்ற பொருள் கொண்ட இரண்டு லத்தீன் வினைகள் பழைய பிரெஞ்சில் ஒன்றாகக் கலந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ‘அலவன்ஸ்’ என்று படித்தொகையைச் சொல்வதும் அந்த வழியில்தான். ‘ரீட் அலவுட்’ என்பது காதுக்கு ‘அலவ்டு’ போலவே ஒலிக்கும். உரக்க என்று பொருள்படும் அந்தச் சொல்லில் எல் ஒன்றுதான், டபிள்யூ இல்லை. சொல்வதெழுதலில் இந்த இரண்டும் மாறிப்போகின்றன.

இனி ஆங்கில ஆசிரியர்கள் இந்தப் பிழையைத் தாங்களே திருத்தித் தர மாட்டார்கள். வாக்கியத்தின் ஓரத்தில் ‘யா’ என்று மட்டும் எழுதுவார்கள், ‘யாரை?’ என்று கேட்டிருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தானாகவே அந்த வாக்கியத்தைத் திருத்திக் கீழே மறுபடி எழுதிய பிறகு, பக்கத்தில் கையெழுத்திட்டு நோட்டை மறுநாளே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்