இப்ஸ்விச் பழைய ஆலயத்தின் வரலாற்றைத் தமிழிலும் வெளியிடக் கோரும் மனு

பெறுநர்:
பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
இப்ஸ்விச் நகர சபை, இங்கிலாந்து.

பொருள்: ஃபிரையர்ஸ் தெரு ஆலயம் பற்றித் தமிழ்த் துண்டுப் பிரசுரம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இம்மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன்.

இவ்வூருக்கு வருகிற என் உறவினர்கள் வில்லிஸ் என்ற அலுவலகக் கட்டடத்தின் கறுப்புக் கண்ணாடிச் சுவரைத்தான் படம் எடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் தெரிகிற மரச்சட்டக் கட்டடம் என்னவென்று யாரும் கேட்பதில்லை. கோபுரம் கிடையாது, பெரிய வீடு என்றே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவப் பிரிவினரான பிரெஸ்பிட்டேரியன் சபையாருக்காக ஜோசப் கிளார்க் என்ற தச்சர் கட்டிய ஆலயம் அது. 1700 ஏப்ரல் 26 அன்று திறப்புப் பிரசங்கம் செய்தவர் ஜான் ஃபேர்ஃபாக்ஸ். அரசு வகுத்த வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்ததால், 1662இல் பார்க்கிங் (Barking) கிராமத்துச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பிரசங்கம் செய்ததற்காகச் சிறைக்கும் போனவர். வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, அரசு முறைக்கு மாறாக வழிபட்டாலே குற்றம் என்று 1664இல் சட்டம் வந்திருந்த காலம் அது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பகிரங்கமாக ஒரு பிரசங்கபீடத்தில் ஏறி நின்றார். சில மாதங்களில், அதே ஆண்டிலேயே காலமானார்.

நான் முதன்முறை உள்ளே போனபோது செதுக்கு வேலைப்பாடுள்ள பிரசங்கபீடத்தை அண்ணாந்து பார்த்தேன். ஆனால் மனதில் நின்றது கதவிலுள்ள சின்னத் துளைதான். காட்டிக்கொடுப்பவர்கள் வருகிறார்களா என்று பார்க்க வைத்தது என்பார்கள். 1689இலேயே சகிப்புச் சட்டம் வந்து இச்சபையார் போன்றவர்களுக்குத் தனியே வழிபட அனுமதி கிடைத்துவிட்டது. பதினொரு ஆண்டு கழித்தும் கதவில் துளை வைத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பயந்திருப்பார்கள்! அதைப் பார்த்ததிலிருந்து இந்த மனுவை எழுத வேண்டும் என்றே இருந்தேன்.

இச்சபை பின்னாளில், திரித்துவத்தை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று நம்பும் யூனிடேரியன் சபையானது. அதே நம்பிக்கையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கியிருக்கிறார். ஆகவே இந்த வரலாறு எங்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

ஃபேர்ஃபாக்ஸின் கதையையும் அந்தத் துளையையும் விட்டுவிடாமல், ஒரே தாளில் அடங்கும் தமிழ்ப் பிரசுரம் ஒன்றை, ஆலயச் சபையாரின் சம்மதத்துடன், நகர சபை அச்சிட்டுத் தர வேண்டுகிறேன். மொழிபெயர்ப்பையும் மெய்ப்புத் திருத்தத்தையும் ஊதியமின்றிச் செய்து தருகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு எந்த நாளில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இப்ஸ்விச் வாழ் தமிழர் ஒருவர்