கணவரின் ரத்தம் மனைவிக்கு வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த ரத்த வகையினர் யாருக்குத் தானம் செய்யலாம் என்பதை விளக்கும் அட்டவணை ஒன்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஆய்வக நுட்பநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த அட்டவணையில் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. சிவப்பணுக்களைப் பொறுத்தவரை ஓ நெகட்டிவ் ரத்தத்தை எல்லோருக்கும் ஏற்றலாம், ஏபி பாசிட்டிவ் உள்ளவர் எல்லோரிடமிருந்தும் பெறலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு அந்த அட்டவணை மட்டும் போதாது. அதை வெட்டி எடுத்து வீட்டில் பத்திரப்படுத்தும் வாசகர்கள் பலர் உண்டு என்பதால், விடுபட்டதை எழுதுகிறேன்.

பிரசவ வார்டிலிருந்து ரத்தம் கேட்டுச் சீட்டு வந்ததும், பின்னாலேயே சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வருபவர் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கணவராகத்தான் இருப்பார். "எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்தான் சார், என் ரத்தத்தையே எடுத்து ஏத்திடுங்க" என்பார். அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், இனியும் கருத்தரிக்க வாய்ப்புள்ள ஒரு பெண்ணுக்கு யாருடைய ரத்தத்தை முதலில் தவிர்க்க வேண்டும் என்று கேட்டால், அவருடையதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ரத்த வகையைப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் ஆர்ஹெச் காரணி வெளிச்சத்துக்கு வந்ததே இப்படியொரு சம்பவத்தால்தான். குழந்தை இறந்து பிறந்த நிலையில், நியூயார்க்கில் ஒரு தாய்க்கு அவருடைய கணவரின் ரத்தம் ஏற்றப்பட்டது. இருவரும் ஓ வகை. அன்றைய அறிவின்படி முழுப் பொருத்தம். ஆனால் ரத்தம் ஏற்றத் தொடங்கியதுமே அவருக்குக் குளிர் நடுக்கமும் கடும் வலியும் கண்டன. அவருடைய ரத்தத்தின் நீர்ப்பகுதி கணவரின் சிவப்பணுக்களைத் திரளச் செய்தது. சோதித்த மற்ற ஓ வகையினரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேரின் ரத்தத்தையும் அதேபோலத் திரளச் செய்தது. தாயிடம் இல்லாத ஏதோ ஒன்றைத் தந்தையிடமிருந்து பெற்ற கருவே அவர் உடலில் இந்த எதிர்ப்பைத் தூண்டியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் 1939-ல் எழுதினார்கள். ஏ, பி, ஓ வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து 1940-ல் ஆர்ஹெச் காரணியை விவரித்தார்.

ரத்த வகை பார்க்கும்போது வெள்ளை ஓட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைத்து, ஒன்றில் நீல நிற ஆன்டி-ஏ, ஒன்றில் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் நிறமற்ற ஆன்டி-டி மருந்தைக் கலப்போம். எந்தச் சொட்டு கட்டிக்கட்டியாகத் திரள்கிறதோ அதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம். மூன்றாவது சொட்டு திரளாவிட்டால் ஆர்ஹெச் நெகட்டிவ், அதாவது டி இல்லை. ஏ, பி, டி ஆகிய இந்த மூன்றைத் தவிர முந்நூறுக்கும் மேற்பட்ட ஆன்டிஜென்கள், அதாவது அவை இல்லாதவர் உடலில் எதிர்ப்பைத் தூண்டக்கூடிய பொருள்கள், சிவப்பணுக்களின் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றில் எதையும் அந்த ஓடு காட்டாது. எனவே கணவனும் மனைவியும் ஒரே பி பாசிட்டிவாக இருந்தாலும், கணவரிடம் உள்ள கெல் போன்ற வேறொரு ஆன்டிஜென் மனைவியிடம் இல்லாமல் போகலாம்.

ஏற்றுவதற்கு முன் செய்யும் கிராஸ் மேட்ச் சோதனை இதைத் தடுத்துவிடாதா என்று கேட்கலாம். தடுக்காது. நோயாளியின் உடலில் ஏற்கெனவே உருவாகிவிட்ட எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), தானம் தருபவரின் அணுக்களைத் தாக்குமா என்பதை மட்டுமே அது சொல்லும். இந்த ரத்தம் ஏறிய பிறகு புதிதாக என்ன உருவாகும் என்பதைச் சொல்லாது. ஏ, பி வகைகளுக்கான எதிர்ப்பொருள்கள் நம் உடலில் இயல்பாகவே உள்ளவை. டி-க்கும் கெல்லுக்கும் எதிரானவை பெரும்பாலும் அயல் அணுக்கள் உள்ளே வந்த பிறகே தோன்றுகின்றன; ஆகவே முதல் முறை ஏற்றும்போது எதுவும் நடக்காமல் போய்விடும், வீட்டாரும் "நல்லாத்தானே ஏத்தினாங்க" என்று மறந்துவிடுவார்கள். கணவரின் ரத்தம் ஏறியதால் உருவான எதிர்ப்பொருள், பின்னர் அதே கணவரின் ஆன்டிஜெனைப் பெற்ற குழந்தை கருவில் வளரும்போது நஞ்சுக்கொடி வழியே சென்று அதன் சிவப்பணுக்களை அழிக்கும். கடும் ரத்தசோகை, மஞ்சள் காமாலை, உடல் முழுதும் நீர் கோத்தல், சில வேளைகளில் வயிற்றிலேயே மரணம் என்று அது முடியலாம்.

ரத்தம் தர வரும் கணவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் தரும் ரத்தம் வங்கியின் இருப்பில் சேர்ந்து வேறொருவருக்குப் போகட்டும். இருப்பிலுள்ள வேறொருவரின் ரத்தம் அவர் மனைவிக்கு ஏறட்டும். ஈடாகத் தானம் பெறும் வங்கிகளில் வழக்கம் இதுதான் என்றாலும், "நான் குடுத்ததை யாருக்கோ குடுத்துட்டாங்க" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய ரத்த உறவினர்களின் ரத்தத்திலும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக் கூடாத அளவுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது: தந்தவரின் வெள்ளணுக்கள் பெற்றவரின் உடலையே தாக்கலாம். அரிதானது, வந்தால் பிழைப்பது கடினம்.

இனி நெகட்டிவ் விஷயம். நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆர்ஹெச் நெகட்டிவ். ஓ நெகட்டிவ் அதிலும் ஒரு பகுதியே. "எல்லோருக்கும் பொருந்தும்" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு, அறுபது வயது ஆண் விபத்தில் சிக்கினாலும் ஓ நெகட்டிவ் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி பரப்புகிறார்கள். வகை தெரியாத அவசரத்தில் ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஓ பாசிட்டிவ் ஏற்றலாம் என்பது உலகின் பல இடங்களில் பின்பற்றப்படும் நடைமுறை. கையிருப்பில் உள்ள சில பைகள் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் மிஞ்ச வேண்டும்.

நெகட்டிவ் பெண்ணின் கணவர், மேற்கண்ட கணக்குப்படி, இருபதில் பத்தொன்பது வாய்ப்பு பாசிட்டிவாகவே இருப்பார்; குழந்தையும் பாசிட்டிவாக அமைந்தால் தாயின் உடலில் டி-க்கு எதிர்ப்பொருள் உருவாகலாம். சில வீடுகளில் ஜாதகத்தோடு ரத்த வகையையும் கேட்டு, நெகட்டிவ் என்றால் பெண்ணே வேண்டாம் என்கிறார்கள். இது அறியாமை. 1968 முதல் பயன்பாட்டில் உள்ள ஆன்டி-டி ஊசியை 28-வது வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள்ளும் போட்டுவிட்டால், தாயின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால் எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பிறகு ஊசியால் பயனில்லை. அதனால்தான் கர்ப்ப காலத்தில், தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் மறைமுக கூம்ஸ் சோதனையைச் செய்து பார்க்கிறார்கள்.

பிரசவத்தின்போது இந்த ஊசியை இப்போது பெரும்பாலும் யாரும் தவறவிடுவதில்லை. தவறுவது கருச்சிதைவில்தான். கரு கலைந்தாலும், கலைக்கப்பட்டாலும், கருக்குழாயில் தங்கி அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தாலும், கர்ப்பிணி வயிற்றில் அடிபட்டாலும் குழந்தையின் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கலாம். கர்ப்பம் தொடக்க வாரங்களில் கலைந்தால் ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் முடிவு செய்வதற்கே அவருக்கு வகை தெரிய வேண்டும். கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே முடித்துக்கொள்பவர்களிடம் அதைக் கேட்பார் யாருமில்லை. 72 மணி நேரம் கடந்துவிட்டாலும் பத்து நாட்கள் வரை போடுவதில் ஓரளவு பலன் உண்டு என்பதையும் பலர் அறியமாட்டார்கள்.

ஆகவே, அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான தினத்தன்று அந்த அட்டவணையை மீண்டும் வெளியிடுவீர்களானால், அதன் கீழே கணவர் ரத்தம் பற்றியும் ஆன்டி-டி பற்றியும் இரண்டு வரிகள் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனைகளும், கருச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் பெண்ணின் டிஸ்சார்ஜ் சீட்டில் அவருடைய ரத்த வகையையும், ஊசி போடப்பட்டதா, எந்தத் தேதியில் என்பதையும் கட்டாயம் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்பநர்,
திருநெல்வேலி மாவட்டம்.