தடிமன் இல்லாமல் அலையைத் திருப்புவது

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் லென்ஸ் தேய்த்தவன் நீ. அலைநீளத்தைவிட மெல்லிய தகடு ஓர் அலையை எப்படி வளைக்கும் என்று நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது. கண்ணாடிக்குள் கடக்கும் தூரம் இடத்துக்கு இடம் மாறுவதால் அலையின் கட்டம் (ஏற்ற இறக்கச் சுற்றில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது) ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் பின்தங்குகிறது. அதற்குத் தடிமன் தேவை. நான் சொல்லும் மெல்லிய தகடான மெட்டாசர்ஃபேஸில், அலைநீளத்தைவிடச் சிறிய துண்டுகள் அலையால் தூண்டப்பட்டு, அதைத் தாமதப்படுத்தி மீண்டும் வீசுகின்றன. தாமதத்தைத் துண்டின் அளவு தீர்மானிக்கிறது. 2011இல் ஹார்வர்டின் ஃபெடரிக்கோ கபாசோ குழுவினர், பரப்பின் நெடுகக் கட்டம் சீராகக் கூடினால் ஒளி எந்தக் கோணத்தில் விலகும் என்று சொல்லும் ஸ்னெல் விதியில் புதிதாக ஓர் உறுப்பு சேரும் என்பதைத் தங்க ஆன்டெனாக்களை வைத்துக் காட்டினார்கள்.

ஓய்வுபெற்ற பின் நானும் ஒரு பலகை செய்து பார்த்தேன். 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 மில்லிமீட்டர். சர்க்யூட் போர்டில் 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் செப்புச் சதுரங்களை அமைத்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 40 டிகிரி கட்டம் தள்ளும்படி அளவுகளைக் கணித்தேன். ஒன்பது சதுரங்களில், அதாவது 90 மில்லிமீட்டரில், ஒரு சுற்று முடிகிறது. எனவே செங்குத்தாக விழும் அலை, சைன் மதிப்பு 30/90, அதாவது மூன்றில் ஒன்றாக உள்ள 19.5 டிகிரிக் கோணத்தில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, பெரும்பகுதி வந்த வழியே போயிற்று. இரண்டு நாள் ஆன்டெனாவின் மேல் பழி போட்ட பிறகுதான், பலகையின் ஒப்புமை விடுதிறனை (மின்புலத்துக்கு அந்தப் பொருள் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதன் அளவு) நான் 4.2 என்று எடுத்துக்கொண்டதும், அது உண்மையில் 4.5 என்பதும் தெரிந்தது. சதுரங்கள் வலுவாக அதிரும் அதிர்வெண்ணான ஒத்ததிர்வே இடம் மாறியிருந்தது. 9.7 கிகாஹெர்ட்ஸில் வைத்தபோது கற்றை தெளிவாகத் தெரிந்தது, ஆனால் 20 டிகிரியில்.

அந்த அரை டிகிரி பிழையன்று. முகம் பார்க்கும் கண்ணாடி எல்லா அலைகளையும் ஒரே கோணத்தில் திருப்பும். இந்தப் பரப்பு ஒவ்வோர் அலைநீளத்தையும் வெவ்வேறு கோணத்துக்கு அனுப்பும். இப்படிப்பட்ட பரப்பால் செய்த தட்டை லென்ஸின் குவியத் தூரமும் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், உன் கண்ணாடி லென்ஸுக்கு நேர்மாறாக, நீலம் சிவப்பைவிடத் தொலைவில் குவிகிறது. வெள்ளை ஒளியைப் பொறுத்தவரை உன் பிழைப்புக்கு உடனே ஆபத்து இல்லை.

2016இல் அதே கபாசோ குழு செய்த தட்டை லென்ஸ் என் மனத்தை விட்டு அகலவில்லை. 600 நானோமீட்டர் உயரமுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தூண்கள். ஒவ்வொரு லென்ஸிலும் தூண்கள் ஒரே அளவு, நிற்கும் திசை மட்டுமே வேறு. மின்புலம் சுழன்று வரும் வட்டத் தளவிளைவு பெற்ற ஒளிக்கு, தூணை எத்தனை டிகிரி திருப்புகிறோமோ அதைப்போல் இருமடங்கு கட்டம் கூடுகிறது. இதன் வேர் 1956இல் இந்திய இயற்பியலாளர் எஸ். பஞ்சரத்தினம் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுதான். அவர் சி. வி. ராமனின் உறவினர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே கட்டத்தைத் தீர்மானிப்பது திசை மட்டுமே. விடுதிறனைத் தவறாகக் கணித்தால் கற்றையின் வலிமை குறையுமே தவிர, கட்டம் கெடாது. என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு ஏற்ற முறை இது.

அடுத்த பலகையில் ஒரே அளவுள்ள செவ்வகங்களை 20 டிகிரி 20 டிகிரியாகத் திருப்பி வரைந்துவிட்டேன். ஒன்பதாவதைத் தாண்டும்போது செவ்வகம் 180 டிகிரி திரும்பிப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது, ஆனால் கட்டமோ முழுச் சுற்று முடித்திருக்கும். வட்டத் தளவிளைவு தரும் ஹார்ன் ஆன்டெனா கைக்கு வந்ததும் அளந்துவிட்டு எழுதுகிறேன்.

உன் நண்பன்,
முரளி